புலி உண்டு, வௌவால் இல்லை

படகு கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் உறைத்தது அங்கே இல்லாத ஒன்று: வௌவால் நாற்றம். மற்றதெல்லாம் இருந்தது. சரிந்த கல் தூண்கள், வேர் இறுக்கிப் பிடித்த வாசல், பாசி படர்ந்த சுவர், இருட்டில் புலி, படமெடுத்த பாம்புகள், புதையலைக் கிளறும் குரங்குகள். நம் ஊரில் நெடுநாள் பூட்டிக் கிடந்த கோயில் மண்டபம் ஒன்றுக்குள் காலெடுத்து வைத்தால், கண் இருட்டுக்குப் பழகுமுன்பே மூக்குக்குத் தகவல் போய்விடும். இங்கே மூக்குக்குக் கிடைத்ததோ ஈரக்காற்றும், முன் இருக்கைக் குழந்தைக்கு அப்பியிருந்த வெயில் களிம்பின் வாசனையும்தான். இருட்டு, ஈரம், உயரமான கூரை, இரண்டு பக்கமும் திறந்த வாசல். வௌவாலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் ஒன்றுகூட இல்லை.

ஃபுளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அதன் மூத்த பூங்கா மேஜிக் கிங்டம். அங்கே ஜங்கிள் குரூஸ் என்ற இந்தப் படகுச் சவாரி, பூங்கா திறந்த 1971 அக்டோபர் 1 முதலே ஓடுகிறது. பெரும்பகுதி திறந்தவெளி ஆறு. தண்ணீருக்குச் சாயம் போட்டுக் கலக்கலாக வைத்திருப்பார்கள், அடியில் படகுக்கு வழிகாட்டும் தண்டவாளம் தெரியக் கூடாதல்லவா. கரைகளில் பொம்மை யானைகள் குளிக்கும், பொம்மை நீர்யானைகள் காதாட்டும். ஓட்டுகிறவர் வழிநெடுகக் கடி ஜோக் அடிப்பார். இடிந்த கோயில் வருவது கடைசிப் பகுதியில்.

என்னைக் கூட்டிப்போனவன் அக்கா மகன். பெரிய கட்டடங்களுக்கு ஏசியும் காற்றோட்டமும் அமைக்கிற வேலை. ஆஸ்பத்திரி, சரக்குக் கிடங்கு, சூப்பர் மார்க்கெட் என்று அந்த மாநிலம் முழுக்க அலைகிறவன். டிஸ்னிக்கும் அவனுக்கும் டிக்கெட் வாங்குகிற உறவு மட்டும்தான். ஆனாலும் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கூரையைப் பார்த்தபடிதான் நடப்பான். வௌவாலைப் பற்றி நான் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் புலியைப் பாக்குறாங்க மாமா. நீங்கதான் இல்லாததைக் கேக்குறீங்க" என்றான். "வாசல்ல கதவு வைக்க முடியாது. படகு வந்துட்டே இருக்கும். அப்போ என்ன செய்யலாம்? உள்ள வர்றதுக்கு அதுக்கு என்ன காரணம் இருக்கோ, அதை எடுத்துடணும்."

பாதி வெளியிலும் பாதி உள்ளேயும் ஓடுகிற சவாரிகளின் சங்கடம் முழுவதும் இதுதான். படகோ மரத்தொட்டியோ ரயில் பெட்டியோ, அது சில நொடிக்கொருமுறை புகுந்து வெளியேற ஒரு வாய் திறந்தே கிடக்க வேண்டும். உள்ளே குளிர்ச்சி, இருட்டு, பொந்து போன்ற செட்டுகள், ராத்திரியில் ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி. வெளியே ஃபுளோரிடா.

அந்த ஃபுளோரிடாவைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாநில வனவிலங்குத் துறையின் கணக்குப்படி அங்கே முதலைகள் மட்டும் சுமார் 13 லட்சம். கருங்கரடிகள் நாலாயிரம்போல. இதற்குமேல் ரக்கூன், ஆர்மடில்லோ, பாம்பு வகைகள், மரத்தவளைகள், பல்லிகள். ஜங்கிள் குரூஸ் வரிசையில் நாங்கள் நின்ற இடத்திலேயே கைப்பிடிக் கம்பியில் ஒரு பழுப்பு அனோல் உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் பருமன் ஓணான். தொண்டைக்குக் கீழே மடித்து வைத்திருந்த தோலை விசிறி மாதிரி விரித்தது. செம்மஞ்சள், ஓரத்தில் வெளிர் மஞ்சள் கரை. இரண்டு தண்டால் எடுத்துவிட்டு மறுபடி விரித்தது. ஒரு சிறுமி, "இது நிஜமா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அந்த இடத்தில் அது நியாயமான கேள்விதான். அனோலும் அந்த ஊர்க்காரன் இல்லை, கியூபா, பஹாமாஸ் பக்கமிருந்து வந்து பெருகிய இனம்.

1960களின் நடுவில் டிஸ்னி நிறுவனம் அங்கே வாங்கிப் போட்டது ஏறத்தாழ 27,000 ஏக்கர். பெரும்பகுதி சதுப்பு. தோண்டினால் தண்ணீர். அதனால் நிலவறை வெட்டுவதற்குப் பதிலாகத் தரைமட்டத்திலேயே சுரங்க வழிகளைக் கட்டி, பக்கத்தில் செவன் சீஸ் லகூன் என்று ஒரு ஏரியை வெட்டி, அந்த மண்ணை மேலே கொட்டிப் பூங்காவை உயரத்தில் உட்காரவைத்தார்கள். நாம் தெரு என்று நடப்பது உண்மையில் மாடி. நீரை வடிக்கும் வாய்க்கால்களுக்குப் பொறுப்பேற்றவர் ஜோ பாட்டர் என்ற ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல். அதற்குமுன் பனாமா கால்வாய் மண்டலத்தின் ஆளுநராக இருந்தவர். கொசுவோடு மல்லுக்கட்டுவது என்றால் என்ன என்று பனாமாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் ஓடிக்கொண்டே இருந்தால் கொசு முட்டையிட இடம் கிடைக்காது. பூச்சி குறைந்தால் பூச்சியைத் தின்ன வருகிற தவளைக்கும் பல்லிக்கும் வௌவாலுக்கும் அங்கே வேலை குறையும். அக்கா மகன் சொன்ன "காரணத்தை எடுப்பது" வாய்க்காலிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை, ஃபுளோரிடாவில் கொசுவுக்குக் கோழியைக் காவல் வைக்கிறார்கள். ஆங்காங்கே கூண்டில் கோழிகளை வளர்த்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வெஸ்ட் நைல் வைரஸ் உள்ள கொசு கடித்தால் கோழிக்கு நோய் வராது, ஆனால் ரத்தத்தில் தடயம் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் மருந்தடிக்க வேண்டும் என்று கோழி சொல்லிவிடும்.

அடுத்த காரணம் சோறு. மதியம் தெருவோர மேசையில் உட்கார்ந்தபோது அரிவாள் மூக்கன் ஒன்று, வெள்ளை உடம்பும் வளைந்த சிவந்த அலகுமாக, நாற்காலிக் கால்களுக்கிடையே அதிகாரி மாதிரி நடந்து வந்தது. சதுப்பில் நண்டு தேடி மண்ணைக் குத்தவேண்டிய அலகு அது. பக்கத்து மேசையில் விழுந்த உருளைக்கிழங்கு வறுவலைக் குத்திக்கொண்டு போயிற்று. அந்த மேசைக்காரர் ரசித்து இன்னொன்று போட்டார். பறவைக்கு யாரும் தீனி போடக் கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

ஆனால் குப்பைத் தொட்டிகளைக் கவனித்தால் அந்தப் பூங்கா இந்த விஷயத்தில் எவ்வளவு கறார் என்று புரியும். நாலடி நடந்தால் ஒரு தொட்டி, எல்லாவற்றுக்கும் தானே மூடிக்கொள்ளும் தள்ளுகதவு. தொட்டியில் விழுந்தது அங்கே கிடந்து ஊறுவதும் இல்லை. ஊழியர்கள் அவ்வப்போது எடுத்துப்போய்ப் பார்வைக்கு மறைவான இடத்தில் கொட்ட, அங்கிருந்து கீழ்ச்சுரங்கத்தில் ஓடும் குழாய்கள் காற்றின் வேகத்தில் உறிஞ்சிப் பூங்காவின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்விடும். மணிக்கு 60 மைல் வேகம் என்பார்கள். ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பம், 1971-லிருந்தே இருக்கிறது. குப்பை நாற்றமும் குப்பை லாரியும் விருந்தாளி கண்ணில் படக் கூடாது என்பது முதல் நோக்கமாக இருந்திருக்கும். ரக்கூனுக்கு அது ராச்சாப்பாட்டையும் இல்லாமல் செய்துவிட்டது.

எலி இல்லாத இடத்துக்குப் பாம்பு வராது என்பது எந்த ஊர் விவசாயிக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் உள்ள பழைய டிஸ்னிலாந்து இதற்கு வேறு வழி பிடித்தது. அங்கே திரியும் பூனைகளை விரட்டாமல், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, மறைவான இடங்களில் தீனி வைத்து விட்டுவிட்டார்கள். பகலில் புதருக்குள் தூங்கும், கூட்டம் கலைந்தபின் எலி வேட்டை. சுமார் 200 பூனை இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரோ! பறவைகளின் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. பூனைக்கு எலிக்கும் குருவிக்கும் வித்தியாசம் கிடையாது.

மத்தியானத்துக்குமேல் டியானாஸ் பேயூ அட்வென்ச்சர் என்ற சவாரிக்குப் போனோம். முன்பு ஸ்பிளாஷ் மவுண்டன் என்று இருந்ததை மாற்றி 2024 ஜூனில் திறந்தார்கள். மரத்தைக் குடைந்த தொட்டி போன்ற படகு, வாய்க்காலில் மிதந்து குன்றின்மேல் ஏறி உள்ளே போய், வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், கடைசியில் 50 அடி சரிவில் தலைகுப்புற விழும். பாதி உள்ளே பாதி வெளியே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உள்ளே இருட்டில் ஒரு சங்கீதக் கச்சேரி. வாசிப்பவர்கள் எல்லாம் லூயிசியானாச் சதுப்புக்காட்டு மிருகங்கள்: நீர்நாய், முயல், ரக்கூன், ஒபாசம், ஆர்மடில்லோ, கரடி. கூடவே லூயிஸ் என்ற முதலை. கோடிக்கணக்கில் செலவழித்து உள்ளே இயந்திரமாகச் செய்து வைத்திருக்கும் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை, வேலிக்கு அந்தப்பக்கம் சும்மாவே திரிகின்றன.

2023 செப்டம்பர் 18 காலையில் அப்படி ஒன்று வேலியைத் தாண்டிவிட்டது. வளர்ந்த பெண் கருங்கரடி, பூங்காவுக்குள்ளேயே ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஃபிரண்டியர்லாண்ட், லிபர்ட்டி ஸ்கொயர், அட்வென்ச்சர்லாண்ட் என்று மூன்று பகுதிகளில் சவாரிகளை நிறுத்தி வைத்தார்கள். நான் வௌவாலைத் தேடிய ஜங்கிள் குரூஸும் அட்வென்ச்சர்லாண்டில்தான். மாநில வனவிலங்குத் துறையினர் வந்து பிடித்து, வடக்கே ஓக்காலா தேசியக் காடு இருக்கும் பக்கம் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்கள். குளிர்காலத்துக்குமுன் உடம்பில் கொழுப்பு சேர்க்க அலைந்த கரடியாக இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது டியானா சவாரி கட்டுமானத்தில் இருந்தது. பொம்மைக் கரடி வந்து சேருமுன் நிஜக் கரடி வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முதலை விஷயத்தில் இப்படிச் சிரிக்க முடியாது. 2016 ஜூனில் செவன் சீஸ் லகூன் கரையில், ஓட்டலின் மணல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப்போய்விட்டது. குழந்தை பிழைக்கவில்லை. அதுவரை நீந்தக் கூடாது என்று மட்டும் பலகை இருந்த கரை அது. பிறகு பாறைகளை அடுக்கினார்கள், வேலி போட்டார்கள், முதலை, பாம்பு என்று பெயர் சொல்லியே எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் சுமார் 250 முதலைகள் அந்த வளாகத்திலிருந்து அகற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. மண்ணுக்காக வெட்டிய ஏரிதான் அது. ஆனால் பக்கத்தில் உள்ள பே லேக் இயற்கை ஏரி, இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. முதலைக்கு எது வெட்டிய நீர், எது ஊறிய நீர் என்ற பேதம் இல்லை. படகில் அந்த ஏரியைக் கடக்கும்போது கரையோரப் பாறைகளை ஒருமுறை பார்த்தேன். அழகுக்குப் போட்டவை போலத்தான் இருக்கின்றன.

வரிசையில் நிற்கும் நேரத்தில் அக்கா மகன் வகுப்பெடுத்தான். முதலில் காற்று. குளிர்சாதனம் உள்ள கட்டடத்தில், வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமான காற்றை உள்ளே விட்டால், எந்த இடுக்கு வழியாகவும் காற்று வெளிநோக்கியே வீசும். கொசுவும் ஈயும் அதை எதிர்த்து வர முடியாது. வாசல் பெரிதாக இருந்தால் மேலிருந்து கீழே வேகமாகக் காற்றைப் பொழியும் கருவி ஒன்று உண்டு, காற்றுத்திரை. பெரிய கடைகளின் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது உச்சந்தலையில் அடிக்குமே, அதேதான். பறவைக்கு அது போதாது. வௌவாலுக்கும் போதாது. அவற்றுக்கு வேறு வைத்தியம்.

அடுத்து விளக்கு. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்கு ஓடிவரும் பூச்சி, மஞ்சள் வெளிச்சத்தை அவ்வளவாகச் சட்டை செய்யாது. வாசலில் மஞ்சள் விளக்கு வைத்தால் பூச்சிக் கூட்டம் குறையும், பூச்சி இல்லாத இடத்தில் மரத்தவளை சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருக்காது. "மூட் லைட்டிங்னு நெனச்சிருப்பீங்க" என்று கோயில் வாசலின் மங்கலான வெளிச்சத்தை நினைவுபடுத்தினான். அங்கே அது எதற்காக வைத்தது என்று அவனுக்கும் தெரியாது. இரண்டுக்கும் உதவும்.

பிறகு இடுக்கு. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் போதும், ஒரு பென்சில் போகிற ஓட்டை. வௌவாலுக்கு ஒரு விரல் போகிற பிளவு இருந்தால் தாராளம். செயற்கைப் பாறைக்குன்று என்றால் சிமென்ட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டமும், நடுவில் வெற்றிடமும், ஒயர் போகும் துளைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் உலோக வலையைத் திணித்து அடைக்க வேண்டும். தூணின் தலைப்பு, சிலையின் தோள், விட்டத்தின் மேற்புறம் எதுவும் மட்டமாக இருக்கக் கூடாது. 45 டிகிரிக்குமேல் சாய்ந்திருந்தால் பறவை கூடு கட்டாது, வைக்கிற வைக்கோல் வழுக்கி விழும். இடிந்த கோயில் மாதிரி ஒரு செட்டைக் கட்டச் சொன்னால் சிற்பி விளிம்பு விளிம்பாகச் செதுக்குவான். பராமரிப்புக்காரன் ஒவ்வொரு விளிம்பையும் சரிக்கச் சொல்வான். யார் ஜெயித்தார்கள் என்பதைக் கூரையைப் பார்த்தால் சொல்லிவிடலாமாம்.

இத்தனைக்கும் மேலாகச் சட்டம். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி, அந்த மண்ணுக்குரிய பறவைகளில் ஏறக்குறைய எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை உரிமம் இல்லாமல் கலைக்க முடியாது. வந்தேறிகளான சிட்டுக்குருவி, மாடப்புறா, ஐரோப்பிய மைனா இனமான ஸ்டார்லிங் போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வௌவாலுக்கு ஃபுளோரிடாவில் தனிக் கணக்கு: ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 14 வரை குட்டி வளர்க்கும் பருவம், அந்த நாட்களில் கட்டடத்திலிருந்து வெளியேற்றவே கூடாது. மற்ற மாதங்களிலும் வெளியே போக மட்டும் வழிவிடும் வலைக்குழாயைக் குறைந்தது நான்கு இரவு தொங்கவிட்டு, எல்லாம் வெளியேறியபிறகே ஓட்டையை அடைக்கலாம். டிஸ்னிக்கே இந்தப் பாடம் ஒருமுறை கசப்பாகக் கிடைத்தது. பே லேக்கில் இருந்த டிஸ்கவரி ஐலண்ட் என்ற விலங்குத் தீவில் பிணந்தின்னிக் கழுகுகள் தொல்லை என்று அவற்றை நடத்திய விதத்துக்காக 1989-இல் வழக்கு வந்து, பணம் கட்டி முடித்தார்கள். அதே நிறுவனம்தான் பின்னாளில் திறந்த அனிமல் கிங்டம் பூங்காவில் ஊதாத் தகைவிலான்களுக்குக் கூண்டு வீடுகள் கட்டித்தந்து, அவை பிரேசில்வரை போய்வருவதைக் கவனித்துவருகிறது.

திறந்தவெளியில் ஓடும் சவாரிக்கு இதெல்லாம் எதுவும் உதவாது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1999 மார்ச் 30, வர்ஜீனியாவில் புஷ் கார்டன்ஸ் பூங்காவில் புது ரோலர்கோஸ்டர் திறப்பு. முன்வரிசையில் ஃபாபியோ என்ற பிரபல மாடல். பாதிவழியில் காட்டு வாத்து ஒன்று அவர் முகத்தில் மோதியது. வாத்து செத்தது, மூக்கில் ரத்தத்தோடு இறங்கினார் ஃபாபியோ. விளம்பரத்துக்குக் கூப்பிட்ட கேமராக்கள் எல்லாம் தயாராக நின்றிருந்தன.

நான் பார்த்தது இவ்வளவு ஆர்ப்பாட்டமானதல்ல. நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சின்னப் பூங்கா, பெயர் வேண்டாம். கடற்கொள்ளையர் குகை என்று ஒரு படகுச் சவாரி. வெயிலில் கிளம்பிக் குகைக்குள் புகுந்து அந்தப்பக்கம் வரும். எங்கள் முறை வந்தபோது நிறுத்திவிட்டார்கள். உள்ளே பறவை மாட்டிக்கொண்டதாம். கூட்டம் முணுமுணுத்தது. பராமரிப்புக்காரர், அறுபதை ஒட்டிய வயது, இடுப்பில் சாவிக்கொத்து, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். குகையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பாட்டும் நின்றது. கடைசியாகப் பின்பக்கம் ஆட்கள் போகும் சிறு கதவை மட்டும் அகலத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். துரத்தவில்லை, துணி வீசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். செம்பழுப்புக் குருவி ஒன்று, கண்ணுக்குமேல் வெள்ளைக் கோடு, வாலை நிமிர்த்தியபடி கதவின் வெளிச்சத்தை நோக்கிச் சிவ்வென்று பறந்துபோனது. கரோலைனா ரென். பூந்தொட்டி, தொங்கும் சட்டைப்பை, எதில் வேண்டுமானாலும் கூடு கட்டும் இனம்.

அவர் உடனே சவாரியை ஓடவிடவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா மகன் என்ன சொல்லி அனுமதி வாங்கினானோ, பின்னாலேயே போய்விட்டான், அவன் பின்னால் நானும். ரம் பீப்பாயைத் திறக்க ஒரு பொம்மைக் கொள்ளையன் கையை ஏற்றி இறக்குவான். அந்தப் பீப்பாய்க்குள், ஒயர் நுழையும் பக்கமாக, காய்ந்த இலையும் நாரும் சுருட்டிய ஒரு குவியல், பக்கவாட்டில் வாசல். உள்ளே வெளிர் நிறத்தில் பழுப்புப் புள்ளி தெறித்த முட்டைகள். மாட்டிக்கொள்ளவே இல்லை அந்தக் குருவி, வீட்டுக்குத்தான் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் டார்ச்சை அணைத்தார். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் என்று விரல்விட்டுச் சொன்னார். கொள்ளையனுக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்கதவைப் பகல் முழுக்க ஒரு சாண் திறந்துவைக்கப் போவதாகவும், படகுகளை நாளைமுதல் ஓடவிடலாம் என்றும் சொன்னார்.

அக்கா மகன் பீப்பாயின் பின்புறத்தைத் தடவி, ஒயர் ஓட்டையை விரலால் அளந்தான். ஒயர் விரல் பருமன், ஓட்டை கைமுஷ்டி அகலம். "இதை பிப்ரவரியிலேயே அடைச்சிருக்கணும்" என்று தமிழில் என்னிடம் சொன்னதையே ஆங்கிலத்தில் அவரிடமும் சொன்னான். அவர் கோபப்படவில்லை. வலை வாங்கி வைத்திருப்பதாகவும், குகையில் இதுபோல இன்னும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை இருப்பதாகவும், ஜூலையில் வந்தால் தனக்கு ஒரு கை கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டு வாசலில் நின்ற கூட்டத்துக்குப் பதில் சொல்லப் போனார்.